அத்தான் சாய்ந்திருந்த சுவர்

வீடு
ஜனவரி 9

அன்புள்ள ஈர்க்குச்சிக்கு,

இங்கே இரண்டு ஜீவனும் ஒரு பூனையும் நலம். கடல்மேல் ஆடிக்கொண்டிருக்கும் ஈர்க்குச்சி நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பெயின்ட் வாசனையிலேயே வயிறு நிரம்பிவிடுகிறதா?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயாலாவது கேட்டால் இன்னும் அதிகமாகச் சிரிப்பாய். நீ அனுப்பிய பொருளை நாங்கள் டெலிபோன் என்று நினைத்துவிட்டோம். உன் கப்பல் சமையல்காரர் ஒரு துணி மூட்டையை வாசலில் நீட்டி, உங்கள் தம்பி கொடுத்தான் என்று சொல்லிவிட்டு, டாக்சி நிற்கிறது என்று ஓடிவிட்டார். பிரித்தால் ஒரு வெள்ளைப் பெட்டி. முன்னால் திருகுகிற வட்டம். பக்கத்தில் சுருண்ட குழாய், அதன் நுனியில் காதில் வைக்கிற மாதிரி ஒரு கைப்பிடி. வேறு என்னவென்று நினைப்பது, நீயே சொல்.

முன்னறை மேசையில் பூப்போட்ட துணி விரித்து வைத்தேன். எதிர்வீட்டுத் தையற்காரம்மா வந்து பார்த்து, வெளிநாட்டு போனா என்று வாயைப் பிளந்தாள். ஆமாம், கனெக்‌ஷன்தான் இன்னும் வரவில்லை என்றேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து எடுத்து "ஹலோ" என்றும் சொல்லிப் பார்த்தேன். அதில் எதற்கு இத்தனை ஓட்டை என்று ஒரு சந்தேகம் இருந்தது. என் குரல் வெளியே போக ஒரு ஓட்டை போதாது என்று தம்பி பார்த்து வாங்கியிருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகுதான் உன் கடிதம் வந்தது. வெந்நீர் கொட்டும் ஷவராமே! தையற்காரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கனெக்‌ஷன் வெட்டிவிட்டார்கள் என்று சொல்லிச் சமாளிக்கப் போகிறேன்.

உன் அத்தானுக்கு இடுப்பு அப்படியேதான். பஸ் ஓட்டி ஓட்டி மனுஷன் ஸ்டியரிங் மாதிரியே வளைந்துவிட்டார். காலையில் அவருடைய ஷூ லேஸை நான்தான் கட்டிவிடுகிறேன். கீழே உட்காரும்போதெல்லாம் இரண்டு ஷூவையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுவிடலாமா என்று ஆசை வரும். உன் கடிதத்தைப் படித்ததும், வெந்நீர் பட்டால் சரியாகும் என்று தலையை ஆட்டினார். நம்முடைய ஊமைக்கோட்டான் தலையை ஆட்டினால் அது பெரிய சொற்பொழிவு. வழக்கம்போல அடியில் ஒரு வரி எழுதுவார். ஒன்றுக்கு மேல் எழுதினால் பேனா தேய்ந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வெண்கலத் தொண்டை அக்கா

(அடியில் வேறு கையெழுத்தில்)
மச்சான், போனில் பேசியது உன் அக்கா. நான் இல்லை. குழாய் நீளம் போதாது.


கப்பல்
பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் நலமாக இருக்கிறேன். அலை கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி குறையில்லை. அத்தானின் இடுப்பும் உன் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். டெலிபோன் கதையைக் கேட்டு சிரித்துப் புரண்டார்கள். இனி உன் கடிதம் வந்தால் எனக்கு முன்னால் அவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் போல. எங்கள் எலக்ட்ரீஷியனுக்கு 'மின்னல்' என்று பெயர். நடப்பது ஆமை வேகத்தில், அதனால் மின்னல். அவர் அன்றைக்கு வேலையில் இருந்ததால் கேட்கவில்லை.

அட்டைப் பெட்டியோடுதான் வாங்கினேன் அக்கா. சமையல்காரர் பையில் அது நுழையவில்லை. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பொருளை மட்டும் கொடுத்துவிட்டேன். போன வருஷம் கரையில் மாலுமிகள் விடுதியில் தங்கியபோது இதே மாதிரி ஒன்றில் குளித்தேன். முதுகில் வெந்நீர் விழுந்ததும் அத்தான் ஞாபகம்தான் வந்தது. அப்போதே ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர்க் குழாய் ஒன்று, கரண்ட் ஒன்று, இரண்டும் கொடுத்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னார். ஆள் கூப்பிட்டுக் கூலி கொடுக்க வேண்டாம். அத்தானே மாட்டிவிடுவார்.

இப்போது கைப்பிடிக் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். கப்பலைச் சுற்றி முழுக்க அடித்துவிட்டு வந்தால் ஆரம்பித்த இடம் துருப்பிடித்திருக்கிறது.

அன்புடன்,
தம்பி


வீடு
மார்ச் 1

அன்புள்ள ஈர்க்குச்சிக்கு,

இரண்டு ஜீவனும் ஒரு பூனையும் சுகம். அதில் ஒரு ஜீவன் ரொம்பவே சுகம். நீ சளி கிளி பிடிக்காமல் இருக்கிறாயா?

உன் ஷவர் ஓடுகிறது. அத்தானே மாட்டினார். நடையில் என் இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு பிளக் இருக்கிறதே, அதிலிருந்து ஒரு வயரை இழுத்துச் சுவருக்குள் விட்டு, குளியலறைக்குக் கொண்டுபோய்விட்டார். சுவரில் பள்ளம் வெட்டி, மேலே சிமென்ட் பூசி, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. வீட்டுக்காரம்மா வந்து பார்த்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

முதல் நாள் அவர் உள்ளே போய்த் திருகினார். நான் வெளியே, தெருவிலிருந்து கூலிக்கு வந்த ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். டப் என்று வீடே இருட்டு. உள்ளேயிருந்து ஒரு சத்தம். முப்பது வருஷத்தில் அவ்வளவு சத்தமாக அவர் பேசிக் கேட்டதில்லை, என்ன வார்த்தை என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது. ஃபியூஸ் போய்விட்டதாம். கட்டையில் புது வயர் சுற்றினார். மறுநாளும் போயிற்று. அதற்கடுத்த நாளும். மனுஷனுக்குக் கோபம் வந்து, டிப்போவிலிருந்து பஸ்ஸில் போடுகிற தடிமனான செம்புக் கம்பியைக் கொண்டுவந்து கட்டையில் முறுக்கிவிட்டார். அதோடு ஃபியூஸ் வாயை மூடிக்கொண்டது. இப்போது பெட்டிப் பாம்பு.

வீட்டில் ஒரு சட்டமும் வந்திருக்கிறது. ஷவரும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடினால் பல்பு அழுது வடிகிறது. அதனால் குளிக்கப் போகிறவர் "குளிக்கப் போறேன்" என்று கத்த வேண்டும். வெளியே இருப்பவர் இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு "சரி" என்று குரல் கொடுக்க வேண்டும். சரி வந்த பிறகுதான் திருகலாம். நான் கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கிறதாம். நான் எப்போது குளிக்கிறேன் என்று இந்தத் தெருவுக்கே தெரிந்துபோய்விட்டது. அவருடைய சரி, பக்கத்தில் இருக்கிற பூனைக்கே கேட்காது. எனக்கு மட்டும் எப்படியோ கேட்கிறது.

மே மாதத்தோடு அத்தானுக்கு ஓய்வு. அப்புறம் நாள் முழுக்க இந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும். எனக்காகக் கொஞ்சம் இரக்கப்படு.

சாப்பிடு, தூங்கு, கடலில் விழாதே.
வெண்கலத் தொண்டை

(அடியில்)
மச்சான், தண்ணீர் சூடுதான். இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கலாம்.


வீடு
மார்ச் 20

அன்புள்ள ஈர்க்குச்சிக்கு,

உன் பதில் வரவில்லை. எனக்குக் கை சும்மா இருக்காது, அதனால் நானே எழுதுகிறேன். இரண்டு ஜீவன் சுகம். பூனைதான் தண்டனையில் இருக்கிறது. காரணம் பின்னால் வருகிறது. நீ சுகமா?

உன் ஷவர் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டது. குளித்து முடித்த பிறகு நடைச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கிறது. தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரம் மாதிரி. அத்தான் அதைக் கண்டுபிடித்து, நாற்காலியை அங்கே நகர்த்தி, முதுகைச் சுவரில் கொடுத்து உட்கார்ந்துகொள்கிறார். முதலில் நான் குளிக்கிறேன், அப்புறம் அவர், அப்புறம் சுவர். ஆஸ்பத்திரியில் காசு கொடுத்து ஒத்தடம் போட்டுக்கொள்கிறார்கள், நம் வீட்டில் சுவரே போடுகிறது. தையற்காரம்மாவையும் அழைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். போன்தான் போயிற்று, சுவராவது இருக்கிறதே என்றாள். ஷவர் விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

பெரிய செய்தி இனிமேல்தான். நேற்றுக் காலை அத்தான் தன் ஷூ லேஸைத் தானே கட்டினார். குனிந்தார் தம்பி. கட்டினார். நிமிர்ந்தார். நான் கையில் இஸ்திரிப் பெட்டியோடு பார்த்துக்கொண்டே நின்றதில் ஒருவருடைய பேண்ட்டில் முக்கோணமாகப் பழுப்பு ஏறிவிட்டது. போகட்டும். ஊரில் எத்தனையோ பேண்ட், எனக்கு இருப்பது ஒரு இடுப்பு.

இனி பூனை. ஒரு வாரமாக நடையில் மீன் வாடை. நம் வீட்டில் மீன் வாங்கி மாசக் கணக்காகிறது. இந்தத் திருட்டுப் பூனைதான் எங்கிருந்தோ கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடிவிட்டேன், ஒரு முள்ளுகூட இல்லை. குளிக்கிற நேரத்தில்தான் வாடை தூக்கலாக அடிக்கிறது. விளக்குமாற்றால் இரண்டு போட்டேன். முன்னெல்லாம் அதுவும் சுவரோரமாகப் படுத்துக் கிடக்கும். இப்போது நடைப் பக்கமே வருவதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

உடம்பைக் கவனி.
வெண்கலத் தொண்டை

(அடியில்)
மச்சான், பூனை நிரபராதி. உன் அக்காவிடம் சொல்லாதே.


கப்பல்
ஏப்ரல் 16

அக்கா,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். முதலில் இதைச் செய், பிறகு மீதியைப் படி. ஷவரை யாரும் தொடக் கூடாது. திருகக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு அந்த வயரைக் கழற்றச் சொல். அத்தான் கழற்ற வேண்டாம்.

உன் இரண்டு கடிதமும் இந்தத் துறைமுகத்தில்தான் ஒன்றாகக் கிடைத்தன. சாப்பாட்டு அறையில் படித்தேன். பூனையை அடித்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மின்னல் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அந்த மீன் வாடையைத் திரும்பப் படி என்றார். படித்தேன். சுவரைப் படி என்றார். ஃபியூஸைப் படி என்றார். அதற்குள் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

"அது மீனும் இல்ல, பூனையும் இல்ல. பிளாஸ்டிக் வேகுற வாடை," என்றார். "சுவர் ஒத்தடம் போடலடா, உள்ள வயர் வெந்துக்கிட்டு இருக்கு. நாலு இஸ்திரிப் பெட்டி, அஞ்சு இஸ்திரிப் பெட்டி இழுக்கிற கரண்டை அந்த ஷவர் ஒண்ணே இழுக்கும். அதுக்குத் தனி வயர், விரல் தடிமனுக்குப் போகணும்."

ஃபியூஸ்தான் இப்போது போவதில்லையே என்று கேட்டேன்.

"போறதுதான் அதோட வேலை. அது செத்து வீட்டைக் காப்பாத்தும். உங்க அத்தான் அதைச் சாகவிடாமப் பண்ணிட்டாரு."

எங்களை இங்கே கரையில் இறங்க விடவில்லை. தந்தி கொடுக்க வழியில்லை. கப்பலுக்கு வந்த ஏஜென்ட்டின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஷவரைக் கழற்றியாயிற்று என்று அத்தானை ஒரு வரி எழுதச் சொல். அவர் கையெழுத்தைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள ஈர்க்குச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா? கடிதம் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இஸ்திரி வேலை தலைக்குமேல்.

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே ஆயிற்று. ஷவர் இப்போது ஓடுவதில்லை. வயரும் இல்லை. மீன் வாடையும் போய்விட்டது. பூனையிடம் மன்னிப்புக் கேட்டேன். அது திரும்பிப் பார்க்காமல் போயிற்று, நம் குடும்பத்துப் புத்தி.

இனிமேல் கடிதங்களை எதிர்வீட்டுத் தையற்காரம்மா முகவரிக்குப் போடு. எங்கள் வாசலில் கொஞ்சம் வேலை நடக்கிறது, தபால்காரர் தடுமாறுகிறார். அத்தான் டூட்டிக்குப் போயிருப்பதால் இந்தத் தடவை அவருடைய வரி இல்லை. ஒரு வரிதானே, அதில் என்ன பெரிய சரக்கு இருந்துவிடப் போகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. மேலே ஏறிப் பெயின்ட் அடிக்கும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள். மறக்காதே. ரொம்பச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதே, கயிறு கட்டிக்கொள்.

அக்கா


கப்பல்
ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கண்டதும் மின்னலிடம் ஓடிப்போய்க் காட்டினேன். நல்ல வேளை என்று சொல்லிவிட்டு, யார் வந்து கழற்றினார்கள், வயரின் மேல்தோல் எப்படி இருந்தது, ஃபியூஸ் பலகை கருகியிருந்ததா என்று கேட்டார். எழுது. அவருக்கு இதெல்லாம் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். அத்தானுக்கு மே மாதத்தோடு ஓய்வு என்று எழுதியிருந்தாயே. ஜூனில் எந்த டூட்டி? ஓய்வை நீட்டித்துவிட்டார்களா? அப்படியென்றால் சந்தோஷம். ஒரு வரி எழுதச் சொல். என்னைத் திட்டி எழுதினாலும் பரவாயில்லை. திட்டினால் இன்னும் நல்லது.

உன் முழங்காலுக்கு மருந்து தடவுகிறாயா?

அன்புடன்,
தம்பி


ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா, மின்னல் நலமா, சமையல்காரர் நலமா?

ஆமாம், ஓய்வை நீட்டித்துவிட்டார்கள். அவரைப் போல ஓட்ட ஆள் இல்லையாம். வயரெல்லாம் எனக்கென்ன தெரியும், கறுப்பாக இருந்தது. மழைக்குக் கூரைச் சத்தம் அதிகமாக இருக்கிறது. தையற்காரம்மா வீட்டுத் தகரக் கூரையைச் சொல்கிறேன். அவள் ரொம்ப நல்லவள், நான் கிண்டல் செய்ததையெல்லாம் மறந்துவிட்டாள்.

நீ கேட்டாயே என்று அத்தானை எழுதச் சொன்னேன். கையில் கொஞ்சம் வலி, அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

கயிறு கட்டிக்கொள்கிறாயா என்று எழுதவே இல்லையே.
அக்கா

(அடியில்)
தம்பி, நான் நலம். நீ அனுப்பியது நல்ல பொருள். மிக்க நன்றி.


கப்பல்
ஆகஸ்ட் 25

அக்கா,

நீ நலமா? உன்னை மட்டும்தான் கேட்கிறேன்.

அத்தான் எனக்கு இத்தனை வருஷமாக அடியில் எழுதிய வரிகள் எல்லாம் என் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றில்கூட என்னைத் தம்பி என்று எழுதியதில்லை. ஒன்றில்கூட நான் வாங்கி அனுப்பியதை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கைக்கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்றார். கம்பளிச் சட்டை குத்துகிறது என்றார். இரண்டையும் கழற்றியதே இல்லை என்று நீதான் எழுதினாய். அவருக்கு நன்றி என்று எழுத வராது.

நீயும் ஜீவன்களை எண்ணுவதை நிறுத்திவிட்டாய். எல்லோரும் நலம் என்று எழுதுகிறாய். அக்கா, நம் வீட்டில் எல்லோரும் என்று சொல்கிற அளவுக்கு எப்போது ஆள் இருந்தது?

எதுவானாலும் எழுது. தெரியாமல் இருப்பதுதான் என்னால் முடியவில்லை. கயிறு கட்டிக்கொள்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே ஒரு ஜீவனும் ஒரு பூனையும் இருக்கிறோம்.

உட்கார்ந்துகொண்டு படி. மின்னல் பக்கத்தில் இருக்கட்டும்.

ஏப்ரல் முதல் வாரம், காலை நேரம். அத்தானுக்கு மதியம்தான் பஸ். அவர் குளித்து முடித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அன்றைக்கு இரண்டாவதாகப் போனேன். குளிக்கப் போறேன் என்று கத்தினேன். சரி என்றார். தலையில் சோப்பு நுரை இருக்கும்போது தண்ணீர் சட்டென்று ஆறிவிட்டது. விளக்கும் போயிற்று. ஃபியூஸ்தான் என்று நினைத்தேன்.

"தண்ணி ஆறிப்போச்சு, கட்டையைப் பாருங்க," என்று கத்தினேன். நமக்குத்தான் அதோடு நிறுத்த வராதே. "நாற்காலில வேர் விட்டுடுச்சா?" என்றும் கேட்டேன்.

அவர் "சரி" என்றார்.

நடையில் இருக்கிற ஃபியூஸ் பலகை மரம். மூடியும் மரம். உள்ளே எரிந்துகொண்டிருந்தது வெளியே தெரியவில்லை. அவர் போய் மூடியைத் திறந்திருக்கிறார். காற்றுப் பட்டதும் தீ முகத்துக்கு வந்துவிட்டது. பக்கத்துக் கயிற்றில் என் இஸ்திரித் துணிகள், மொடமொடவென்று கஞ்சி போட்டவை, தெருவில் பாதிப் பேருடைய சட்டைகள். அவ்வளவும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டன.

அவர் நின்ற இடத்திலிருந்து வாசலுக்கு நாலு எட்டு. அவர் வாசலுக்குப் போகவில்லை. குளியலறைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். புகையில் முகம் தெரியவில்லை. ஈரத் துண்டை என்மேல் சுற்றி, பின்பக்க ஜன்னலுக்குத் தூக்கினார். ஷூ லேஸுக்குக் குனிய முடியாத மனுஷன் என்னைத் தூக்கினார் தம்பி. நான் என்ன எடை என்று உனக்குத் தெரியும். தள்ளும்போதும் ஒன்றும் பேசவில்லை, இருமல்தான். நான் வெளியே விழுந்தேன். அந்த ஜன்னல் எனக்கே இறுக்கம். அவர் தோள் நுழையவில்லை.

தெருவே கூடி முன்கதவை உடைத்து அவரைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்த வாரம் முழுக்க இருந்தார். கட்டுப் போட்டிருந்ததால் எங்கே தொடுவது என்று தெரியவில்லை. அதனால் பேசிக்கொண்டே இருந்தேன். பூனை விஷயம், வீட்டுக்காரம்மா விஷயம், டெலிபோன் விஷயம், எல்லாம் பேசினேன். அவர் பதில் சொல்லவில்லை. அது எனக்குப் பழக்கம்தானே. அதனால் அவர் போய்விட்டார் என்பது நர்ஸ் வந்து சொல்லித்தான் தெரிந்தது. நான் அப்போதும் பேசிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் மே மாதக் கடைசியில் வந்தது. தேதியைப் பார்த்தேன். நீ எழுதிய நாளுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நீ தந்தி கொடுத்திருந்தாலும், பறந்தே வந்திருந்தாலும் நடந்தது நடந்ததுதான். இதை நான் உன்னைத் தேற்றுவதற்காக எழுதவில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ கைப்பிடிக் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கிறவன். கம்பிக்கு அந்தப் பக்கம் தண்ணீர். கரையில் நீ எங்காவது வேலை பார்த்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஒருத்தரைக் கொடுத்துவிட்டேன், இன்னொருத்தரைக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று. கடைசி இரண்டு வாரம் அவர் தன் ஷூ லேஸைத் தானே கட்டிக்கொண்டார். நான் எழுதியது பொய் இல்லை. அது நீ கொடுத்தது.

அக்கா


கப்பல்
அக்டோபர் 19

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நான் இருக்கிறேன்.

கடிதத்தை மின்னலிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என் பெயின்ட் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார். கம்பிப் பக்கம் என்னைப் போக விடவில்லை. என்னோடேயே உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் பேசுவதில்லை. அத்தான் மாதிரி.

அந்த அட்டைப் பெட்டியை நான் தூக்கிப் போட்டேன். அதன்மேல் என்ன அச்சடித்திருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். ஒரு வயர் படம் இருந்தது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது.

அடுத்த பெரிய துறைமுகத்தில் என்னை இறக்கிவிடச் சம்மதித்திருக்கிறார்கள். டிசம்பரில் வந்துவிடலாம். ஆனால் நீ என் முகத்தைப் பார்ப்பாயா என்று தெரியாமல் என்னால் படி இறங்க முடியாது. வா என்றோ வராதே என்றோ எழுது. வராதே என்று எழுதினாலும் நான் கயிறு கட்டிக்கொள்வேன். அதற்குப் பயப்படாதே.

தம்பி


நவம்பர் 14

அன்புள்ள ஈர்க்குச்சிக்கு,

ஒரு ஜீவனும் ஒரு பூனையும் இருக்கிறோம், இன்னொரு ஜீவன் வருவதற்கு இடமும் இருக்கிறது. உனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையே? மின்னல் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

வா. இதைக் கேட்க ஒரு கடிதம், பதில் சொல்ல ஒரு கடிதம், தபால் இலாகாவை வாழவைக்கவே நம் குடும்பம் பிறந்திருக்கிறது. வெறுங்கையோடு வா. ஏதாவது வாங்கி வந்தால் அதை வைத்தே உன்னை அடிப்பேன்.

பெட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். இரண்டு நாள் நானும் யோசித்தேன். அது வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? நான் அதில் பொத்தான் போட்டு வைத்திருப்பேன். அத்தான் கேட்காமல் பொத்தானைக் கொட்டிவிட்டு ஷூ வைத்திருப்பார். எங்கள் வீட்டுக்கு எத்தனையோ பெட்டி வந்திருக்கிறது, ஒன்றைக்கூட யாரும் படித்ததில்லை. அந்தப் படத்தை இனி நீ கண்ணை மூடித் தேடாதே. நானும் 'வேர் விட்டுடுச்சா' என்று கேட்டதைத் தேடாமல் இருக்கப் பார்க்கிறேன். எனக்கு இன்னும் முடியவில்லை. நீ வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.

நம் வீட்டை நீ பார்க்க வேண்டாம். நான் பார்த்துவிட்டேன், அது போதும். எல்லாம் கறுப்பு. நடைச் சுவரில் நாற்காலி இருந்த உயரத்துக்கு மட்டும் கொஞ்சம் இடம் பாதி வெள்ளையாக இருக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

தையற்காரம்மா வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். அடுப்பில் தண்ணீர் வைத்து வாளியில் ஊற்றிக் குளிக்கிறேன். எரிந்த சட்டைகளுக்குத் தெருவில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடி துணி கொண்டுவந்து போடுகிறார்கள்.

வழியில் பட்டினி கிடக்காதே. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், பெயின்ட் காய்ந்திருந்தால்.

வெண்கலத் தொண்டை

(அடியில், அதே கையெழுத்தில்)
இங்கே எழுத ஆள் இல்லாததால் நானே எழுதுகிறேன். நேற்றுக் காலை வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, பழக்க தோஷத்தில் "குளிக்கப் போறேன்" என்று கத்திவிட்டேன். முன்னறையில் தையற்காரம்மாவின் கணவர் தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "சரி" என்று சொல்லி பிளக்கைப் பிடுங்கிவிட்டார். ஏன் பிடுங்கினார் என்று அவருக்கும் தெரியவில்லையாம். நான் குளித்து முடித்து வரும்வரை திரும்பப் போடவும் இல்லை. வலது கை மடிப்போடும் இடது கை சுருக்கத்தோடும் ஆபீஸுக்குப் போனார். அன்றைக்கு அங்கே எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அவரை ஓரத்தில், சுருங்கிய கை வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள்.